டீசல் லாரியின் புகைக்குழாய்

மைசூரிலிருந்து தெற்கே தமிழ்நாட்டை நோக்கிச் செல்லும் லாரிகளுக்கு நஞ்சன்கூடு, சாமராஜநகரம், ஆசனூர் வழியாகத் திம்பம் மலையில் இறங்கிப் பண்ணாரியை அடைவது ஒரு பழைய வழி. அம்மலைச் சாலையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கீழிருந்து சுமையுடன் ஏறிவரும் வண்டிகளைச் சாலையோரம் நின்று சிறிது நேரம் கவனிப்பவர், எண்பலகையைப் பாராமலே ஒவ்வொன்றின் வயதையும் ஒருவாறு சொல்லிவிடலாம். ஒரு வண்டி கரும்புகையைக் கக்கிக்கொண்டு, பின்னால் வருபவரின் கண்ணை மறைத்துச் செல்லும். மற்றொன்றில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும் கணத்தில் மட்டும் சாம்பல் நிறப் புகை எழுந்து மறையும். மூன்றாவது வண்டி அதே சுமையுடன் அதே ஏற்றத்தில் ஏறும். அதன் குழாயின் வாயில் வெப்பக் காற்றின் அசைவைத் தவிர வேறொன்றும் தென்படாது. மூன்றிலும் இருப்பது டீசல் எஞ்சின்தான். மூன்றாவது வண்டியின் குழாய்க்குள் நிகழ்வது என்ன, அதைக் கெடாமல் காப்பது எவ்வாறு என்பதே இப்பேச்சின் பொருள்.

நான் எந்திரக் கலை பயின்றவன் அல்லன். கலைப் பட்டம் பெற்று, மைய அரசாங்கத்தில் மொழிபெயர்ப்பாளனாக மைசூரில் பணிபுரிபவன். இப்பொருளைப் பேசத் துணிந்ததற்குக் காரணம் மொழியே. புதிய லாரியுடன் வரும் கைப்புத்தகம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஓட்டுநரின் முன்னுள்ள பலகையில் எரியும் விளக்குகளோ எம்மொழியும் அல்லாத சித்திரக் குறிகள். வெளிமாநிலத்துப் பட்டறையில் பேசப்படுவது கன்னடம், இந்தி, மராத்தி, தெலுங்கு. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பக்கங்களிலிருந்து வந்து, வீட்டு நகையை அடகு வைத்து முன்பணம் கட்டி, மாதத் தவணையில் ஒரு லாரி வாங்கி ஓட்டும் நம்மவர் ஒருவருக்கு, எரிகின்ற அந்த விளக்கு தம்மிடம் எதைக் கேட்கிறது என்பது விளங்கவில்லை என்றால், வண்டி நடுவழியில் நிற்கும், தவணையும் நிற்கும். ஆகவே லாரித் தொழிலில் உள்ளவர்கள் வழங்கும் சொற்களையே கொண்டு, தெரிந்தவற்றைச் சொல்ல முற்படுகிறேன்.

பெட்ரோல் எஞ்சினில் பிளக்கின் பொறி எரிபொருளைப் பற்றவைக்கிறது. டீசல் எஞ்சினில் பொறி இல்லை. சிலிண்டருக்குள் காற்றை மிகுதியாக அழுத்தினால் அது தானே கொதித்துவிடும். அந்தக் கொதிக்கும் காற்றில் டீசலை நுண்துளிகளாகப் பீச்சினால் அது தானே பற்றிக்கொள்ளும். ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ப் டீசல் 1897-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றியுடன் இயக்கிக் காட்டிய எஞ்சினின் தத்துவம் இதுவே. இதன் சிக்கனம் பெரிது. இதன் குற்றங்கள் இரண்டு. பீச்சப்பட்ட துளியின் நடுவில் பிராணவாயு போதிய அளவு சென்று சேராத இடத்தில் எண்ணெய் முழுதும் எரியாமல் கரியாக நின்றுவிடுகிறது. இதுவே கரும்புகை. மாறாக, நன்கு எரிந்து உஷ்ணம் மிகவும் ஏறிய இடத்தில், காற்றில் சும்மா இருந்த நைட்ரஜன் பிராணவாயுவுடன் கூடி நைட்ரஜன் ஆக்ஸைடுகள் என்னும் நச்சு வாயுக்களாக மாறுகிறது. இவை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இங்கேதான் பொறியாளர்கள் பல்லாண்டுகள் தலையைப் பிய்த்துக்கொண்ட சிக்கல் இருக்கிறது. எஞ்சினின் உஷ்ணத்தைக் கூட்டினால் கரி குறையும், நைட்ரஜன் நஞ்சு பெருகும். உஷ்ணத்தைக் குறைத்தால் நஞ்சு குறையும், கரி பெருகும். ஒன்றை அடக்கினால் மற்றது தலைதூக்குகிறது. எஞ்சினுக்கு உள்ளேயே இரண்டையும் வெல்ல முடியாது என்று கண்டபின்னரே, எஞ்சினுக்கு வெளியே, சைலன்சர் இருந்த இடத்தில், ஒரு சிறு இரசாயனத் தொழிற்சாலையை அமைத்தார்கள்.

அதற்கு இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2012-ஆம் ஆண்டு ஜூன் மாதம் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது ஐயத்திற்கு இடமற்றது என்ற முதல் வகுப்பில் சேர்த்தது. அமெரிக்காவில் சுரங்கங்களில் டீசல் எந்திரங்களின் நடுவே உழைத்த 12,000-க்கு மேற்பட்ட தொழிலாளரின் உடல்நிலையை ஆராய்ந்ததில் நுரையீரல் புற்றுநோய் மிகுந்திருந்தது அதற்கு முக்கிய சான்றுகளில் ஒன்று. கரித்துகள்களில் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் சிறியவை. மூக்கின் உரோமம் அவற்றைத் தடுப்பதில்லை. இதில் முதலில் மூச்சிழுப்பவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். பட்டறைக் குழிக்குள் நின்று வேலை செய்யும் மெக்கானிக், வண்டியைப் பின்னுக்கு எடுக்கும்போது பின்னால் நின்று கையசைக்கும் கிளீனர், சுங்கச் சாவடியில் அமர்ந்திருப்பவர், எஞ்சினை ஓடவிட்டு அறைக்குள் உறங்கும் ஓட்டுநர். நகரத்தாரின் நலம் பின்னர் வருவது. தொழிலாளியின் நெஞ்சு முதலில் வருவது.

இந்தியாவில் இவ்விதிகள் படிப்படியாக வந்தன. பாரத் ஸ்டேஜ் என்னும் வரிசையில் நான்காம் படி 2017 ஏப்ரல் முதல் நாள் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. ஐந்தாம் படியைத் தாண்டி நேராக ஆறாம் படிக்கு 2020 ஏப்ரல் முதல் நாள் சென்றுவிட்டோம். பாரலாரி எஞ்சின் ஒரு கிலோவாட் மணி வேலைக்கு 3.5 கிராம் நைட்ரஜன் ஆக்ஸைடுகளை வெளியிடலாம் என்றிருந்த அளவு, சீரான ஓட்டச் சோதனையில் 0.4 கிராமாகக் குறைந்தது. டீசலில் இருக்கும் கந்தகமும் பத்து இலட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. கந்தகம் குறையாமல் பிற எதுவும் நடந்திராது. புகைக்குழாயில் வைக்கும் கிரியா ஊக்கிகளைக் கந்தகம் கெடுத்துவிடும். நான்காம் படியில் கம்பெனிகள் வெவ்வேறு வழிகளை மேற்கொண்டன. சென்னையைச் சேர்ந்த அசோக் லேலண்டு, வெளிப்புகையில் ஒரு பகுதியைக் குளிர்வித்து மீண்டும் எஞ்சினுக்கே அனுப்பும் ஈ.ஜி.ஆர். முறையைத் தன் பாரலாரிகளில் பின்பற்றியது. யூரியா நீரைத் தெளிக்கும் முறையை வேறு சில கம்பெனிகள் கொண்டன. ஆறாம் படியில் பெரிய லாரிகளுக்கு யூரியா நீர் ஏறக்குறைய எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. மைசூரின் ஒரே லாரி நிலையத்தில் மூன்றாம் படி, நான்காம் படி, ஆறாம் படி வண்டிகள் அருகருகே நிற்பதைக் காணலாம். ஒன்றுக்குச் சொல்லும் பராமரிப்பு மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஆகவே உங்கள் வண்டி எந்தப் படியைச் சேர்ந்தது என்பதைப் பதிவுச் சான்றில் பார்த்துக்கொள்வது முதல் வேலை.

ஆறாம் படி லாரியில் எஞ்சினை விட்டு வெளியேறும் புகை முதலில் பிளாட்டினம் போன்ற அரிய உலோகம் பூசிய ஒரு அறையை அடைகிறது. அங்கே எரியாமல் மீந்த எண்ணெய் ஆவியும் கார்பன் மோனாக்ஸைடும் எரிந்து தீர்கின்றன. அடுத்து இருப்பது டி.பி.எஃப். எனப்படும் கரி வடிகட்டி. அதற்கு அடுத்துத்தான் யூரியா நீர் தெளிக்கப்பட்டு, நைட்ரஜன் நஞ்சு முறிக்கப்படும் எஸ்.சி.ஆர். அறை. பல வண்டிகளில் இவை யாவும் ஒரே பெட்டிக்குள் அடைக்கப்பட்டிருப்பதால், பார்வைக்கு ஒரு பருத்த சைலன்சர் போலவே தோன்றும். பழக்கத்தினால் அதைச் சைலன்சர் என்றே பலரும் அழைக்கிறார்கள். பெயர் எதுவாயினும் குற்றமில்லை. பழைய சைலன்சரை நடத்தியதுபோல் இதை நடத்துவதுதான் குற்றம்.

கரி வடிகட்டியைப் புரிந்துகொள்ள நம் வீட்டுக் காப்பி பில்டரை நினைத்தால் போதும். பீங்கான் போன்ற பொருளில் தேனடையைப் போல் ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள் உள்ளன. ஒரு குழாயின் முன்வாய் திறந்து பின்வாய் மூடியிருக்கும். அடுத்ததன் முன்வாய் மூடிப் பின்வாய் திறந்திருக்கும். ஆகவே புகை நுண்துளைச் சுவரின் ஊடே கசிந்துதான் மறுபக்கம் செல்ல முடியும். வாயு கசிந்து போகும், கரி தங்கிவிடும். காப்பி பில்டரின் துளைகள் அடைத்துக்கொண்டு டிகாக்ஷன் இறங்காதபோது நம் வீட்டுப் பெண்கள் என்ன செய்கிறார்கள்? மேல் பாத்திரத்தின் அடியை அடுப்புத் தணலில் காட்டி, அடைத்த தூளை எரித்துவிடுகிறார்கள். லாரியும் இதையேதான் செய்கிறது. வண்டி நல்ல சுமையுடன் நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது புகையின் உஷ்ணமே போதுமானதாக இருந்து, கரி சிறிது சிறிதாகத் தானே எரிகிறது. அது போதாதபோது, எஞ்சின் சிறிது டீசலை மிகுதியாக விட்டு, முதல் அறையில் அதை எரித்து, வடிகட்டியின் உஷ்ணத்தை 600 டிகிரி சென்டிகிரேட் அளவுக்கு உயர்த்திக் கரியைச் சாம்பலாக்குகிறது. இதையே ஓட்டுநர்கள் ரீஜென் என்கிறார்கள்.

ஆக, இந்த அமைப்பு முழுவதற்கும் உயிர்நாடி உஷ்ணம். இதை ஒருவர் மனத்தில் இருத்திக்கொண்டால் பராமரிப்பில் பாதி தெரிந்ததாகிவிடும். சுமையோடு மலையேறும் வண்டிக்கு இவ்வகைத் தொல்லை அரிது. தொல்லை வருவது நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிடுவதால். பந்திப்பூர் காட்டுச் சாலையில் 2009-ஆம் ஆண்டு முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை லாரிப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் வழியிலும் 2022 முதல் இரவுக் கட்டுப்பாடு உண்டு. வனவிலங்குகளைக் காக்க எழுந்த அந்த விதிகளோடு எனக்குப் பிணக்கு இல்லை. ஆயினும் அவற்றின் விளைவாக, குண்டலுப்பேட்டைப் பக்கத்திலும் சாமராஜநகரப் பக்கத்திலும் லாரிகள் விடியலுக்காகக் காத்து நிற்கின்றன. மின்விசிறிக்காகவும் செல்பேசிக்கு மின்சாரம் ஏற்றவும் எஞ்சினை மணிக்கணக்கில் ஓடவிடுவோர் உண்டு. 2025 அக்டோபர் முதல் தயாராகும் பாரலாரிகளின் ஓட்டுநர் அறையில் குளிர்சாதனம் இருக்கவேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. ஓட்டுநருக்கு அது நியாயமான நலமே. ஆனால் நின்ற வண்டியில் குளிர்ச்சிக்காக எஞ்சினை இரவெல்லாம் ஓட்டினால், குளிர்ந்த புகையிலிருந்து கரி வடிகட்டியில் படிந்துகொண்டே இருக்கும். எரிந்து தீர்வதற்கு உஷ்ணம் இராது. நகரத்துக்குள்ளேயே நின்று நின்று சரக்கு இறக்கும் வண்டிக்கும் இதே கதி. அவ்வாறு ஓடவேண்டிய வண்டியைச் சில நாளைக்கு ஒருமுறையேனும் நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டிவருவது அதற்கு மருந்து.

அடைப்பு மிகும்போது வடிகட்டிக் குறியுள்ள விளக்கு எரியும். அதைக் கண்டு அஞ்சவும் வேண்டாம். அசட்டை செய்யவும் வேண்டாம். சாலை கிடைத்தால் நிற்காமல் சுமார் அரைமணி நேரம் ஓட்டுங்கள். சாலை கிடைக்காவிட்டால், பெரும்பாலான லாரிகளில் நின்றபடியே ரீஜென் செய்வதற்கென்று ஒரு சுவிட்சு உண்டு. அதை அழுத்தியபின் வேலை முடியும் வரை எஞ்சினை நிறுத்தக்கூடாது. நடுவில் நிறுத்தி நிறுத்தித் தொடங்கினால் எரியாத டீசல் எஞ்சின் ஆயிலில் கலந்து, ஆயில் நீர்த்துப்போகும். ஆயில் அளவுகோலில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறியிருந்தால் இதுவும் ஒரு காரணமாகலாம். விளக்கு பலநாள் எரிந்தும் கவனியாது விட்டால் வண்டி தானே இழுவையைக் குறைத்துக்கொள்ளும். அதன்பின் பட்டறையின் கருவி இல்லாமல் சரிசெய்ய இயலாது.

இவ்விடத்தில் மைசூர்ப் பக்கத்துக்கே உரிய ஓர் எச்சரிக்கை. அறுவடைக் காலத்தில் இவ்வட்டாரத்துக் குடியானவர்கள் கேழ்வரகுக் கதிரையும் கொள்ளுச் செடியையும் சாலையில் பரப்பி, அவற்றின் மேல் வண்டிகள் ஏறிச் செல்வதாலேயே கதிரடித்துக்கொள்வார்கள். அந்த வைக்கோலும் சருகும் வண்டியின் அடியில் சுற்றிக்கொள்ளும். ரீஜென் நடக்கும் வேளையில் அந்தப் பெட்டியும் குழாயும் சருகைப் பற்றவைக்கும் அளவுக்குக் கொதிக்கின்றன. பரப்பிய கதிரின் மீது வண்டி ஓட்ட நேர்ந்தால், கடந்தபின் சற்றே நிறுத்தி அடியில் குனிந்து பார்த்துச் சுற்றியிருப்பதை நீக்குங்கள். வைக்கோல் போர், பருத்திப் பொதி, காய்ந்த புல், பெட்ரோல் பங்க் ஆகியவற்றின் அருகே நின்று ரீஜென் சுவிட்சை அழுத்தாதீர்கள்.

கரி எரிந்தாலும் சாம்பல் எரியாது. இந்தச் சாம்பல் பெரும்பாலும் எஞ்சின் ஆயிலில் கலந்துள்ள உலோக உப்புகளிலிருந்து வருவது. ஆறாம் படி எஞ்சினுக்குக் குறைந்த சாம்பல் தரும் ஆயிலையே கம்பெனி விதித்திருக்கும். ஒரு லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் என்று பழைய லாரியின் ஆயிலை இதில் ஊற்றினால், அந்த மிச்சத்தைப்போல் பன்மடங்கு வடிகட்டிக்குச் செலவாகும். கைப்புத்தகத்தில் குறித்த காலத்தில் வடிகட்டியைக் கழற்றி, அதற்குரிய எந்திரத்தில் சாம்பலை அகற்ற வேண்டும். கம்பியை விட்டுக் குத்துவதும் தண்ணீர்க் குழாயை வேகமாகப் பாய்ச்சுவதும் பீங்கானை உடைத்துவிடும்.

இனி யூரியா நீர். ஆட்புளூ என்றும் டெஃப் என்றும் வெறும் யூரியா என்றும் இதைப் பலவாறு சொல்கிறார்கள். நூறு பங்கு எடையில் 32.5 பங்கு மிகத் தூய யூரியாவும் எஞ்சியது உப்பு நீக்கிய நீரும் சேர்ந்தது இது. சூடான புகையில் தெளித்ததும் யூரியா உடைந்து அம்மோனியா ஆகிறது. அம்மோனியா கிரியா ஊக்கியின் மீது நைட்ரஜன் ஆக்ஸைடுகளுடன் கூடுகிறது. விளைவது நைட்ரஜனும் நீராவியும், அதாவது காற்றில் ஏற்கெனவே உள்ளவையே. நூறு லிட்டர் டீசலுக்கு ஏறத்தாழ 5 லிட்டர் இந்நீர் செலவாகும் என்று வைத்துக்கொள்ளலாம்; வண்டிக்கும் சுமைக்கும் ஏற்ப இது மாறும். செலவு திடீரென்று மிகவும் குறைந்துவிட்டால் மகிழ வேண்டாம். தெளிக்கும் குழல் அடைத்திருக்கக்கூடும்.

யூரியாதானே, உரக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று மூட்டையை வாங்கித் தண்ணீரில் கரைப்பவர்கள் இருக்கிறார்கள். இது இரு வகையில் தீது. விவசாயத்துக்கு அரசாங்கம் மானியத்தில் தரும் யூரியாவுக்கு 2015 முதல் முழுமையாக வேப்பெண்ணெய் பூசப்படுகிறது. அந்த எண்ணெயும் உர யூரியாவில் உள்ள பிற கலப்புகளும் கிணற்று நீரின் உப்பும் சேர்ந்து தெளிப்புக் குழலை அடைத்துக் கிரியா ஊக்கியைப் பாழாக்கும். மேலும், மானிய உரத்தைப் பயிருக்கன்றி வேறு வேலைக்குத் திருப்புவது சட்டப்படி குற்றம். உழவன் மண்ணுக்குப் போகவேண்டியது லாரிக் குழாயில் கரைவது நியாயமும் அன்று. முத்திரையிட்ட கலத்தில், தயாரித்த தேதி பார்த்து வாங்குங்கள். வெயிலில் வைத்தால் விரைவில் கெடும்; 30 டிகிரிக்கு மேற்படாத நிழலில் ஓராண்டு வரை இருக்கும். டீசல் ஊற்றிய புனலையோ, பித்தளை, செம்பு, தகரக் கலத்தையோ இதற்குப் பயன்படுத்தலாகாது. நீல மூடியுள்ள தொட்டியில் தவறி டீசலை ஊற்றிவிட்டால், எஞ்சினைத் தொடங்காமலே தொட்டியைக் காலிசெய்வதுதான் அறிவு. தொடங்கிவிட்டால் பம்பு முதல் குழல் வரை யாவும் கெடும்.

சிறியதாகத் தோன்றும் மற்றொரு பழக்கம் பெரிய நஷ்டம் தருகிறது. சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தியதும் கீழே இறங்கிப் பேட்டரியின் முதன்மைச் சுவிட்சையும் உடனே அணைத்துவிடுவது நம் ஓட்டுநர் பலருக்கு வழக்கம். பழைய லாரிக்கு அது நல்ல வழக்கமே. புதிய லாரியில், எஞ்சின் நின்றபின்னும் யூரியா பம்பு சிறிது நேரம் ஓடிக் குழாயில் மீந்த நீரைத் தொட்டிக்குத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. அதற்குள் மின்சாரத்தைத் துண்டித்தால், மீந்த நீர் குழலிலேயே காய்ந்து வெள்ளை உப்பாகக் கட்டிக்கொள்ளும். இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து அணைத்தால் தொல்லை இல்லை. வெளியே படிந்த வெள்ளைப் படிகத்தை வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்துவிடலாம்.

இந்நீர் தீர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு நாடே அனுபவித்தது. 2021 அக்டோபரில் சீனா யூரியா ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. தொழில் யூரியாவுக்குப் பெரும்பாலும் சீனாவையே நம்பியிருந்த தென் கொரியாவில் நவம்பர் மாதம் லாரிக்காரர்கள் சில லிட்டருக்காக வரிசையில் நின்றார்கள். அரசாங்கம் பதுக்கலைத் தடுக்க ஆணையிட்டது. ஆஸ்திரேலியாவிலிருந்து இராணுவ விமானத்தில் யூரியா நீர் கொண்டுவரப்பட்டது. நீர் இல்லையேல் வண்டியின் கணிப்பொறி முதலில் விளக்கால் எச்சரித்து, பின் இழுவையைக் குறைத்து, முடிவில் வண்டியை ஊர்ந்து செல்லும் நிலைக்குக் கொண்டுவந்துவிடும். ஆகவே காட்டு வழிக்குள் நுழையுமுன் டீசல் முள்ளைப் பார்ப்பதுபோல் யூரியா முள்ளையும் பார்க்க வேண்டும்.

மூன்றாம் படி, நான்காம் படி லாரி வைத்திருப்போர், இவை தமக்கில்லை என்று இருந்துவிட வேண்டாம். புகையின் நிறம் உங்களுக்கு நாடி பார்க்கும் வைத்தியர். கரும்புகை என்றால் காற்று போதவில்லை அல்லது எண்ணெய் மிகுந்துவிட்டது; ஏர் பில்டரை முதலில் பாருங்கள், பிறகு டர்போவின் இரப்பர்க் குழாயில் கசிவு உண்டா என்று, அதன்பின் இன்ஜெக்டர் நாசிலை. ஏர் பில்டரைத் தட்டிப் போட்டுக்கொண்டே பல மாதங்கள் ஓட்டுவது சிக்கனமன்று, டீசல்தான் வீணாகும். நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. ரிங்கு, வால்வு சீல் அல்லது டர்போ தேய்ந்திருக்கும். காலையில் தொடங்கும்போது சிறிது வெண்புகை வந்து மறைவது இயல்பு. சூடேறிய பின்னும் வெண்புகை நிற்காமல், ரேடியேட்டரில் நீரும் குறைந்துகொண்டே வந்தால், தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்குகிறது என்று கொள்ளலாம். ஆறாம் படி வண்டியில் இக்குறைகளை வடிகட்டி மறைத்துவிடும். மறைத்து மறைத்து அதுவே அடைபடும். வடிகட்டி அடிக்கடி அடைத்தால் குற்றம் வடிகட்டியிடம் இல்லை, அதற்கு முன்னால் இருக்கிறது என்பதைப் பட்டறைக்காரரிடம் வற்புறுத்திச் சொல்லுங்கள்.

சில பட்டறைகளில் வேறொரு யோசனை சொல்வார்கள்: பெட்டியை வெட்டி உள்ளிருப்பதை எடுத்துவிட்டு, கணிப்பொறியை ஏமாற்றும் ஒரு கருவியைப் பொருத்திவிட்டால் யூரியாச் செலவும் இல்லை, விளக்கும் எரியாது என்று. இதைக் கேட்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தயாரிப்பாளர் அமைத்ததை இவ்வாறு மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி காற்று மாசு விதியை மீறி வண்டி ஓட்டுவதற்கு மூன்று மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் பறிபோகும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். வெட்டி எடுத்த வண்டியை நல்ல விலைக்கு வாங்குவோர் இரார். கம்பெனியின் உத்தரவாதமும் போய்விடும். அந்த வண்டியின் பின்னால் நின்று நாள்தோறும் சரக்கு இறக்கப் போகிறவன் வேறு யாருமல்லன், உங்கள் கிளீனர். பல வீடுகளில் அவன் தம்பியோ மைத்துனனோ ஆவான்.

இதற்கென்று இருக்கும் புகைச் சோதனை குற்றத்தைப் பிடித்துவிடுமே என்று சிலர் எண்ணலாம். என் கருத்தில் அச்சோதனை போதாதது. டீசல் வண்டிக்கு நிறுத்திய நிலையில் ஆக்சிலரேட்டரை மிதித்துப் புகையின் கருமையை மட்டுமே அளக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் நஞ்சு அதில் அகப்படாது. ஆகவே சான்று கிடைத்துவிட்டது என்பதனால் அமைப்பு சரியாக இருக்கிறது என்று பொருளாகாது. ஆயினும் சான்று இன்றியமையாதது. நான்காம் படி முதலான வண்டிகளுக்கு ஓராண்டும், முந்தியவற்றுக்கு ஆறு மாதமும் அது செல்லும். 2021 முதல் இச்சான்று நாடு முழுவதும் ஒரே வடிவில் வழங்கப்படுகிறது. மைசூரில் பெற்றது சேலத்திலும் செல்லும். கருநாடகத்தில் பேச்சு வழக்கில் இதை எமிஷன் டெஸ்ட் என்பார்கள். பலகையில் 'வாயு மாலின்ய தபாசணெ கேந்திர' என்று எழுதியிருக்கும். நம் புகையைக் கன்னடர் ஹொகெ என்பர். நம் பால் அவர்களுக்கு ஹாலு ஆவதைப் போலத்தான், சொல்லின் முதலில் நாம் வைக்கும் பகரத்துக்கு அவர்கள் ஹகரம் வைப்பதால் வந்த வேறுபாடு அது. 'ஹொகெ பருத்தெ' என்று பட்டறையில் ஒருவர் சொன்னால், புகை வருகிறது என்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம். அத்துடன் நில்லாமல், எந்த நிறப் புகை, ஏற்றத்திலா, தொடங்கும்போதா, எந்த விளக்கு எரிகிறது என்பதை ஒரு தாளில் குறித்துக் காட்டினால், மொழி தடையாவதில்லை. விளக்குப் பலகையைச் செல்பேசியில் படம் எடுத்துக் காட்டுவது அதனினும் எளிது.

பழைய ஆறாம் படி லாரி ஒன்றை விலைபேசப் போகிறவர்களுக்கு ஒரு சோதனை உண்டு. எஞ்சின் நன்கு குளிர்ந்திருக்கும்போது வெள்ளைத் துணி ஒன்றை விரலில் சுற்றிப் புகைக்குழாயின் வாயின் உட்புறத்தைத் துடைத்துப் பாருங்கள். வடிகட்டி பழுதின்றி இருந்தால் துணியில் பெரிதும் கறை இராது. மைபோல் கரி அப்பினால், உள்ளே பீங்கான் வெடித்திருக்கிறது, அல்லது முன்னமே யாரோ அதை வெட்டி எடுத்துவிட்டார்கள். அந்த வடிகட்டியின் விலையைப் பட்டறையில் கேட்டறிந்து, கேட்ட விலையிலிருந்து அதைக் கழித்தபின் பேரத்தைத் தொடங்குங்கள்.